கொடிமலையை நடந்து ஏற நினைப்பவர்களுக்கு: முதல் முறை 84 போதும்

பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் கொடிமலையை ரயிலில் போய் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் டிக்கெட் எடுத்து, சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், படம் பிடித்து, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். நானும் நாற்பத்தொரு வயது வரை அப்படித்தான் இருந்தேன். இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, இனி நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, பள்ளியில் என்னோடு வேலை பார்த்த சீன ஆசிரியை ஒருவர் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், மலையேறும் பாதை தொடங்கும் மூன் கேட்டுக்கு என்னை அழைத்துப் போனார். பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. விடாமழை பெய்யும் வாரங்களைத் தவிர, சனிக்கிழமை காலைகளில் நான் மலையில்தான் இருப்பேன்.

இத்தனை ஆண்டுகளில் உறவினர்கள், பழைய மாணவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினர்கள் என்று பலரை முதல் முறையாக இந்த மலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். முதல் நாளே உச்சிக்குப் போக ஆசைப்படாதீர்கள். 84 வரை ஏறி, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். முதல் நாளே உச்சி என்று பிடிவாதமாக ஏறியவர்கள் பெரும்பாலும் மறுமுறை வரவில்லை. 84-இல் திரும்பியவர்கள் இன்றும் என்னோடு ஏறுகிறார்கள்.

84 என்பது நடுமலையில் இருக்கும் ஒரு தேநீர் நிலையம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம்.

மலாய் மொழியில் இதற்குப் புக்கிட் பெண்டேரா என்று பெயர். பெண்டேரா என்றால் கொடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சைகை காட்ட மலைமேல் கொடி ஏற்றிய காலத்துப் பெயர் அது. நம் மக்கள் அதைக் கொடிமலை ஆக்கிக்கொண்டார்கள். ஒரே சிகரம் அல்ல இது, குன்றுகளின் கூட்டம். மிக உயரமான மேற்குக் குன்று 833 மீட்டர். பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த பிரான்சிஸ் லைட், ஸ்ட்ராபெரி பயிரிடுவதற்காக 1788-லேயே இங்கே பாதை வெட்ட வைத்தார். பிறகு வெள்ளைக்காரர்கள் கோடைக்கு மேலே போய்த் தங்கினார்கள். அவர்களைக் குதிரையோ மனிதத் தோளோ சுமந்தது. டோலி தூக்கியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். 1923-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஜீப் பாதையின் செங்குத்தான வளைவுகளில் மூச்சு முட்டும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன். வெறும் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறவே எனக்கு இப்படி இருக்கிறது.

2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றியுள்ள காட்டையும் கடலோரத்தையும் சேர்த்து உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது இது. ஜார்ஜ் டவுனின் கடைத்தெருவிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் இப்படி ஒரு மழைக்காட்டின் வாசலில் இறங்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கிளம்பும் முன்

உங்கள் கால் தயாரா என்பதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மூன் கேட்டுக்குப் போகும் ஜாலான் கெபுன் பூங்கா சாலையிலேயே தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும் அதே படிகள், மொத்தம் 513. ஒரு மாலை நேரம் போய், சாமி கும்பிட்டபடியே ஏறிப் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி ஏற முடிந்தால் 84-க்கு நீங்கள் தயார். பாதியில் உட்கார்ந்துவிட்டால் கவலை வேண்டாம், ஒரு மாதம் வாரம் இருமுறை அதே படிகளில் பழகுங்கள். என் நாத்தனார் அப்படித்தான் தயாரானார், அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே கிளம்ப வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது. நான் இரண்டு இட்லியாவது பசியாறிவிட்டுத்தான் புறப்படுவேன். சட்டைப் பையில் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும்.

காலில் போடுவதற்கு விலை உயர்ந்த மலையேற்றக் காலணி தேவையே இல்லை. மலேசியாவில் எல்லா இனத்தவரும் 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து போதும். முழுவதும் ரப்பரில் வார்த்தது, அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். செபராங் பிறையில் என் பாட்டி பால்மரம் வெட்டப் போன ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் கிடந்த சப்பாத்து அது. கருங்கல் மலை இது. கல் மக்கிய மண் மழையில் நனைந்தால் சோப்பைப் போல வழுக்கும். அந்த மண்ணில் இந்தக் குமிழ்கள் பிடிக்கும் பிடி அபாரமானது. மளிகைக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அளவு மட்டும் சற்றுப் பெரிதாக வாங்கி, உள்ளே தடித்த காலுறை போடுங்கள். இறங்கும்போது விரல் நுனி முன்பக்கம் இடிக்காமல் இருக்க வேண்டும், அதுதான் அளவு.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். துண்டு ஒன்று, மாற்றுச் சட்டை ஒன்று, மெல்லிய மழைச்சட்டை, கொசு மருந்து, கைப்பேசியை வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். பை முதுகில் இருக்கட்டும், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை எடுத்து வருவது கூடவே கூடாது. ஏன் என்பதைக் குரங்குகளிடம் வரும்போது சொல்கிறேன்.

எந்தப் பாதை

கொடிமலையில் கிளைப்பாதைகள் ஏராளம். முதல்முறை ஏறுபவர் மூன்றைத் தெரிந்து வைத்தால் போதும்.

தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து புறப்படும் ஜீப் பாதை ஒன்று. உச்சி வரை சுமார் 5 கிலோமீட்டர், முழுவதும் சாலை. வழி தவறவே முடியாது. ஆனால் சரிவு கடுமையானது, கெண்டைக்கால் கொதிக்கும், இறங்கும்போது முழங்கால் அழும். மேலே குடியிருப்பவர்களுக்கும் கடைகளுக்கும் பொருள் கொண்டுபோகும் ஜீப்புகள் வளைவில் திடீரென்று வந்து நிற்கும், ஆகவே ஓரமாக நடக்க வேண்டும். ரயிலின் கீழ் நிலையத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டி ஏறும் பாரம்பரியப் பாதை இன்னொன்று. படிகள் நிறைய, பழைய நடு நிலையத்தைக் கடந்து போகும். ரயில் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பிடிக்கும்.

மூன்றாவது மூன் கேட் பாதை. முதல் முறைக்கு நான் சொல்வது இதைத்தான். காடு, நிழல், ஏற்றம், இளைப்பாற இடம், எல்லாம் அளவாகக் கலந்திருக்கும்.

மூன் கேட் என்பது ஜாலான் கெபுன் பூங்காவில் பூங்கா வாயிலுக்குச் சற்று முன்னால், சாலையோரம் நிற்கும் வட்ட வடிவச் சுவர்வாயில். முழுநிலவை நிறுத்தி வைத்தது போல இருக்கும். சீனச் செல்வந்தர் ஒருவரின் மாளிகைக்கு வாயிலாக இருந்தது என்பார்கள். மாளிகை போய்விட்டது, வட்டம் மட்டும் மிச்சம். ரேப்பிட் பினாங்கு 10-ஆம் எண் பஸ் பூங்கா வரை போகும், ஆனால் அடிக்கடி வராது. சொந்த வண்டியில் வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள், அதன் பிறகு சாலையோரத்தில் இடம் கிடைப்பது அரிது. தைப்பூச நாள்களில் இந்தச் சாலை தண்ணீர்ப் பந்தல்களாலும் பக்தர்களாலும் நிறைந்திருக்கும், அப்போது நடைக்கு வராதீர்கள், தேர் பார்க்க வாருங்கள்.

இங்கே சூரியன் எழவே ஏழேகால் ஆகிவிடும். நாங்கள் ஏழு மணிக்கு வாயிலைத் தாண்டுவோம். அதற்கு முன் கைவிளக்கு இல்லாமல் நுழைய வேண்டாம்.

மூன் கேட்டிலிருந்து 84 வரை

முதல் இருபது நிமிடங்கள்தான் கடினமானவை. உடம்பு சூடேறுவதற்குள் படிகள் வந்துவிடும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். உற்சாகத்தில் விறுவிறுவென்று ஏறி, பத்தாவது நிமிடம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். பக்கத்தில் நடப்பவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுபோனால் நடையைக் குறையுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். பாதம் முழுவதும் தரையில் படட்டும்.

பிறகு படி மறைந்து, மண்ணும் வேரும் கலந்த பாதை வரும். வேர்களே படிக்கட்டு. பல்லாயிரம் கால்கள் மிதித்து மிதித்து அவை மெருகேறிக் கிடக்கின்றன, பழைய வீட்டு மரப்படியின் விளிம்பைப் போல. காய்ந்திருந்தால் மிதிக்கலாம். ஈரமாக இருந்தால் வேரின்மேல் கால் வைக்காமல் வேருக்கு மேற்பக்கம் உள்ள மண்ணில் வையுங்கள். தடுமாறினால் கை தானாகப் பக்கத்துச் செடியைத் தேடும், அங்கேயும் கவனம் வேண்டும். பிரம்புக் கொடியின் முள் உள்ளங்கையைக் கிழித்துவிடும். சில சமயம் தாழ்ந்த கிளைகளில் பச்சை விரியன் அசையாமல் சுருண்டிருக்கும். அது தானாக வந்து யாரையும் தீண்டாது, கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைக்காமல் இருப்பது நம் பொறுப்பு. பார்த்த பிறகு பிடியுங்கள்.

கிளைப் பாதைகள் பிரியும் இடங்களில் பலகைகள் இருக்கும். '5' என்ற எண்ணைப் பின்தொடருங்கள். என் நடைக்கு முக்கால் மணி நேரத்தில் ஐந்தாம் நிலையம் வந்துவிடும். மலையேறிகளே அமைத்துப் பராமரிக்கும் இளைப்பாறும் இடம் அது. தகரக் கூரை, பெஞ்சுகள், உடற்பயிற்சி செய்யும் பெரியவர்கள். எழுபது, எண்பது வயதுச் சீனத் தாத்தாக்கள் சட்டையைக் கழற்றி உலர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று யாரைக் கேட்டாலும் 'சிக்கிட் லாகி' என்பார்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம், 84-க்கு இன்னும் ஒரு முக்கால் மணி நேரம். 5-லேயே களைத்துவிட்டால் தயங்காமல் திரும்புங்கள், முதல் நாளுக்கு அதுவும் நல்ல நடைதான்.

84 என்பது காட்டுப்பாதை ஜீப் பாதையோடு சேரும் இடத்தில், ஏறத்தாழ நடுமலையில் இருக்கும் தேநீர் நிலையம். தொண்டர்கள் நடத்துகிறார்கள். சுடச்சுடத் தேநீரும் காப்பியும், கூடவே பிஸ்கட். விலை கிடையாது. பக்கத்தில் உண்டியல் இருக்கும், மனம்போல் போடலாம். தயவுசெய்து போடுங்கள். அந்தச் சர்க்கரையும் தேயிலையும் யாரோ மலையேற்றி வைத்தவை. குடித்த குவளையை நீங்களே கழுவி வையுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தக் குவளையை இரண்டு கையாலும் பிடித்து உட்காரும் பத்து நிமிடங்களுக்காகவே எத்தனையோ சனிக்கிழமைகள் நான் ஏறியிருக்கிறேன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்.

இங்கிருந்து திரும்பி, வந்த வழியே இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இறங்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கியே வையுங்கள். பக்கவாட்டில் திரும்பி இறங்கலாம். அங்கேயே கிடக்கும் மூங்கில் கழியைக் கேட்டு எடுத்துக்கொண்டால் வாயிலருகே அடுத்தவருக்காகச் சாய்த்து வைத்துவிடுங்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரு வேண்டுகோள்

இந்தக் காட்டில் இரண்டு வகைக் குரங்குகளைப் பார்ப்பீர்கள். பூங்காப் பக்கம் கூட்டமாக இருப்பது நீளவால் குரங்கு, மலாயில் கெரா. பிளாஸ்டிக் பை சலசலத்தால் அதற்குச் சாப்பாடு என்று அர்த்தம், கையிலிருந்து பிடுங்கிவிடும். பையை முதுகில் போடச் சொன்னது இதற்குத்தான். கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், நின்று நிதானமாக விலகிப் போங்கள்.

மற்றொன்று லோத்தோங். கரும்சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்டது போல இருக்கும். ஒருமுறை 5-க்கு மேலே, பாதைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தது. அதன் மார்பில் கேசரியின் நிறத்தில் ஒரு குட்டி. இந்த இனத்தில் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில்தான் பிறக்கின்றன, சில மாதங்களில் சாம்பல் படியும். தாய் ஓர் இளந்தளிரை எடுத்து, நுனியை மட்டும் கடித்து, மிச்சத்தைக் கீழே போட்டது. மற்றொன்றை எடுத்தது. குட்டி ஒரு கையால் தாயின் தோலைப் பற்றியபடி, மறு கையை நீட்டி அந்தத் தளிரைத் தொட்டுப் பார்த்தது. நாங்கள் ஆறு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

நம் மக்களில் சிலர் ஆஞ்சநேயர் என்று நினைத்துக் குரங்குகளுக்கு வாழைப்பழமும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லோத்தோங்கின் வயிறு இலைக்காக அமைந்தது, நம் தின்பண்டம் அதற்கு நோய். கெராவுக்கோ மனிதரைக் கண்டால் பறிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது, பிறகு அதன் தலையில்தான் பழி விழுகிறது. உணவு கொடுப்பது சட்டப்படியும் குற்றம். அந்தப் பழத்தைத் தண்ணீர்மலையில் முருகனுக்குப் படைத்துவிட்டு வாருங்கள்.

மழை

என் தங்கை மகனோடு ஒருமுறை பிற்பகலில் ஏறினேன். அவனுக்கு அன்றுதான் விடுமுறை, எனக்கும் மறுக்க மனமில்லை. 5-ஐத் தாண்டியதும் காடு திடீரென்று இருண்டது. சில்வண்டுச் சத்தம் நின்றது. ஐந்து நிமிடத்தில் பாதையே ஓடையாகிவிட்டது. இறங்கும்போது ஒரு வேரில் என் கால் வழுக்கி, கணுக்கால் திரும்பிவிட்டது. முக்கால் மணி நேர இறக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதினாறு வயதுப் பையன், "பெரியம்மா, என் தோளைப் பிடியுங்கள்" என்று ஒவ்வொரு படியாக என்னை இறக்கினான். அன்றிலிருந்து பிற்பகலில் நான் ஏறுவதில்லை. நண்பகலுக்குள் கீழே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சில்வண்டுகள் சட்டென்று அடங்கினால், காற்று குளிர்ந்து வீசினால், எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவேன்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல்மழையில் பினாங்கே மூழ்கியது, மலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே தொடர்மழைக்கு மறுநாள் வானம் வெளுத்திருந்தாலும் ஏறாதீர்கள், சரிவுக்கு ஈரம் இறங்க நாள் பிடிக்கும். பாதை மூடப்பட்டிருக்கிறது என்று கயிறு கட்டியிருந்தால் குனிந்து நுழையாதீர்கள். தனியாக வருபவர்கள் எந்தப் பாதையில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். அவசரத்துக்கு 999.

உச்சி, மூன்றாவது முறைக்கு

84-க்கு இரண்டு முறை போய்வந்து, மறுநாள் வீட்டுப் படியில் இறங்கக் கால் வலிக்கவில்லை என்றால் உச்சிக்குப் போகலாம். 84-இலிருந்து ஜீப் பாதையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். வெயில் படும் வளைவுகள் உண்டு, தொப்பி வேண்டும். மேலே ஏற ஏறக் காற்று மாறும், நகரத்தைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சி.

மேலே போனதும் முதலில் முருகன் கோயிலுக்குப் போங்கள். சிப்பாய்களும் டோலி தூக்கிகளும் கும்பிட்ட சின்னச் சன்னதிதான் இன்று வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. பக்கத்திலேயே பள்ளிவாசலும் உண்டு. பார்வை மேடையில் நின்றால் கீழே ஜார்ஜ் டவுனும், நீரிணையும், 1985-இல் திறந்த முதல் பாலமும் தெரியும். வானம் தெளிந்த காலையில் வடக்கே பாருங்கள். கெடாவின் குனோங் ஜெராய் நீலமாக எழுந்து நிற்கும். அதன் அடிவாரம்தான் சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் முன்னோரின் கப்பல்கள் அந்த மலையைக் கண்டுதான் கரை நெருங்கியிருக்கும். இரண்டு மலைகளும் ஒரே பார்வையில் விழுகிற இடம் இது, அவசரமில்லாமல் நில்லுங்கள்.

கால் இன்னும் தாங்கினால் மேற்குப் பக்கச் சாலையில் பழைய பங்களாக்களைக் கடந்து நடக்கலாம், அதிக ஏற்றமில்லை. ஹேபிடாட் என்ற காட்டுப் பூங்காவில் மரங்களின் உச்சிக்கிடையே தொங்கும் 230 மீட்டர் நடைபாலம் இருக்கிறது, கட்டணம் உண்டு.

உச்சிவரை ஏறிய நாளில் நடந்து இறங்காதீர்கள். முழங்காலைக் கெடுப்பது ஏற்றமல்ல, இறக்கம்தான். ஒருவழி டிக்கெட் வாங்கி ரயிலில் இறங்குங்கள், முடிந்தால் முன்பக்கக் கண்ணாடியருகே நின்றபடி. சுரங்க வாயைத் தாண்டியதும் நகரம் நேரே எழுந்து வருவது போல இருக்கும். கீழ் நிலையத்திலிருந்து 204-ஆம் எண் பஸ் ஜார்ஜ் டவுனில் உள்ள கொம்தாருக்குப் போகும். வண்டியை மூன் கேட்டில் நிறுத்தியவர்கள் வாடகைக் காரில் திரும்ப வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். சப்பாத்தைக் கழுவி, குமிழ்களுக்கிடையே அப்பிய செம்மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, வேலிக்கம்பில் கவிழ்த்து வைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும்.